விளையாட்டு மாவு பிசுபிசுக்கிறதா? கோளாறைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

விளையாட்டு மாவு, வண்ண அரிசி, சோப்புக் குமிழி என்று சின்னக் குழந்தைகளுக்கு வீட்டிலேயே செய்து கொடுக்கும் பொருட்களுக்குச் செய்முறை எங்கும் கிடைக்கிறது. ஆனால் அவற்றில் பல, குளிர்ந்த, காற்றில் ஈரம் குறைந்த நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் சமையலறைக்காக எழுதியவை. அதே அளவில் இங்கே செய்தால் ஐப்பசி மழையில் மாவு வேர்த்துக் கொட்டும். போர் தண்ணீரில் குமிழி வரவே வராது. "எனக்குத்தான் கைப்பக்குவம் இல்லை" என்று அம்மாக்கள் கிண்ணத்தோடு குப்பையில் கொட்டுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. கொட்ட வேண்டியதில்லை. முக்கால்வாசிக் கோளாறு தண்ணீரில்தான் இருக்கும்: மாவுக்குள் இருக்கும் தண்ணீர், குழாயில் வரும் தண்ணீர், காற்றில் இருக்கும் ஈரம். எந்தக் கோளாறு வந்தாலும் இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.

நான் அடிப்படையாக வைத்துக்கொள்ளும் அளவு இது: மைதா 1 கப், தண்ணீர் 1 கப், தூள் உப்பு கால் கப்புக்குச் சற்று மேல், எண்ணெய் 1 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி. வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் க்ரீம் ஆஃப் டார்ட்டார் தேடி அலைய வேண்டாம். அது செய்யும் வேலை புளிப்பு சேர்ப்பதுதான், எலுமிச்சை போதும். புளியிலும் அதே டார்டாரிக் அமிலம் நிறைய இருக்கிறது, ஆனால் மாவு பழுப்பாகிவிடும்.

மாவு கையில் ஒட்டுகிறது

அடுப்பில் வைக்காமல் பிசைந்த மாவா, கிளறி எடுத்த மாவா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

அடுப்பில் வைக்காத மாவு என்றால் மேலே மைதாவைத் தூவிக்கொண்டே போகாதீர்கள். அப்போதைக்கு ஒட்டாது, அரை மணி நேரத்தில் மறுபடி ஒட்டும். பச்சை மாவில் தண்ணீர் முழுதாக உள்ளே போகாமல் வெளியிலேயே நிற்கிறது. சூடு ஏறி 60 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும்போதுதான் கோதுமை ஸ்டார்ச் தண்ணீரைக் குடித்து உப்பும். அப்படிக் குடித்த தண்ணீர் திரும்பக் கையில் வந்து ஒட்டாது. அதனால் அதே மாவை அப்படியே வாணலியில் போட்டு, சின்னத் தீயில் கிளறிவிடுங்கள், சரியாகிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. பச்சை மைதாவில் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும், எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கு வெந்த மாவுதான் நல்லது.

கிளறிய மாவும் ஒட்டுகிறதென்றால் சீக்கிரம் இறக்கிவிட்டீர்கள். பதம் எப்படித் தெரியும் என்றால், முதலில் எல்லாம் நீர்த்த கூழாக இருக்கும், இது எங்கே சேரப்போகிறது என்று தோன்றும். இரண்டு மூன்று நிமிடத்தில் அடியில் திட்டுத் திட்டாகக் கெட்டியாகும். அப்போது கையை எடுக்காமல் சுரண்டிக் கிளற வேண்டும். அடுத்து எல்லாம் கரண்டியைச் சுற்றி ஒரே உருண்டையாக வரும். பெரும்பாலானோர் இந்த இடத்தில் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். அணைக்காதீர்கள். உருண்டையின் மேல் இன்னும் பளபளப்பு இருந்தால் ஈரம் இருக்கிறது. தோசைத் திருப்பியால் தட்டையாக அழுத்தி, மடித்து, மறுபடி அழுத்தி, அந்தப் பளபளப்பு மங்கும்வரை விடுங்கள். ஒரு துளி எடுத்து ஆறவைத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். விரலில் பூச்சு இல்லாமல் பிரிந்து வந்தால் இறக்கலாம். சூடாக இருக்கும்போது லேசாக ஒட்டுவது இயல்பு, ஆறிய பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

நேற்று நன்றாக இருந்தது, இன்று டப்பாவைத் திறந்தால் வேர்த்திருக்கிறது என்றால் குற்றவாளி உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலோர ஊர்களில் பல நாள் இதுதான் நிலைமை. மாவைச் சூடாக டப்பாவில் அடைத்தாலும் ஆவி மூடியில் பட்டுச் சொட்டும். வேர்த்த மாவை ஒரு பருத்தித் துணியில் ஒற்றியெடுத்து, வெறும் வாணலியில் ஒரு நிமிடம் புரட்டி, நன்றாக ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

மாவு நறநறவென்று இருக்கிறது, மேலே வெள்ளை பூத்திருக்கிறது

நறநறப்புக்குப் பலரும் கல் உப்பைக் காரணம் சொல்வார்கள். தூள் உப்பு போட்டும் அப்படி இருந்தால், போட்ட உப்பு கரையவே முடியாத அளவு என்று பொருள். 100 மில்லி தண்ணீரில் சுமார் 36 கிராம் உப்புதான் கரையும். ஒரு கப் தண்ணீருக்கு அரை கப் உப்பு என்று போடும் குறிப்புகளில் உப்பு ஏறக்குறைய 140 கிராம் வந்துவிடுகிறது, அந்தத் தண்ணீரோ 90 கிராம்கூடத் தாங்காது. மிச்சம் மணலாகத்தான் நிற்கும். கால் கப்புக்குச் சற்று மேல் என்று நான் சொன்னது இதனால்தான். உப்பை முதலில் தண்ணீரில் கலக்கிக் கரைத்த பிறகு மைதாவைச் சேருங்கள்.

வெள்ளை பூத்திருந்தால் உப்பா, பூஞ்சையா என்று பார்க்க வேண்டும். ஈர விரலால் தொடுங்கள். பொடிப் பொடியாக இருந்து கரைந்துபோனால் உப்பு, பிசைந்தால் உள்ளே போய்விடும். பஞ்சு மாதிரி மயிர்மயிராக இருந்தால், பச்சை கறுப்புப் புள்ளி தெரிந்தால், புளித்த வாடை அடித்தால், அது பூஞ்சை. அந்தப் பகுதியை மட்டும் கிள்ளிவிட்டுக் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். கூடாது, முழுவதையும் எறிந்துவிடுங்கள். உப்பைக் குறைத்துப் போடும் மாவு வெளியில் அதிக நாள் தாங்காது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். மழைக்காலத்தில் நான்கு நாளுக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.

உதிர்கிறது, வெடிக்கிறது

உதிரும் மாவில் தண்ணீர் குறைவு. ஆனால் குழாயடியில் காட்டாதீர்கள், ஒரேயடியாகச் சொதசொதத்துவிடும். கையை நனைத்து, நனைத்த கையால் பிசையுங்கள். இரண்டு மூன்று தடவை போதும். பிசைந்த பின்னும் கரடுமுரடாக இருந்தால் கால் தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் சேருங்கள்.

செய்து வைத்த பொம்மை காயும்போது வெடிக்கிறதென்றால் கதை வேறு. வெயிலில் வைத்திருப்பீர்கள். வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும், இழுபறியில் பிளந்துவிடும். களிமண் பிள்ளையார் வெயிலில் வெடிப்பதும் இதே காரணத்தால்தான். நிழலில், மின்விசிறிக் காற்றில், தினமும் திருப்பித் திருப்பி வைத்துக் காயவிடுங்கள். விரல் கனத்துக்கு மேல் தடிமனாகச் செய்யாதீர்கள். பெரிய பொம்மை கேட்டு அடம் பிடித்தால் உள்ளே காகிதத்தைக் கசக்கி உருண்டையாக்கி வைத்து, அதன்மேல் மாவை ஒரே கனத்தில் பூசிக் கொடுக்கலாம். விழுந்த விரிசலுக்கு அதே மாவைத் தண்ணீரில் குழைத்து அடைத்தால் மறைந்துவிடும்.

கேட்ட நிறம் வரவில்லை

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இது, ஏனென்றால் இதைச் சரிசெய்யும்போதே குழந்தைக்கு ஒரு விளையாட்டு கிடைத்துவிடுகிறது.

சங்குப்பூ கொதிக்கவைத்த நீலத் தண்ணீரில் மாவு கிளறினால் நீலம் வராமல் ஊதா வரும். எலுமிச்சைதான் காரணம். சங்குப்பூவின் சாயம் புளிப்புப் பட்டால் ஊதாவுக்கும் இளஞ்சிவப்புக்கும் மாறும். நீலமே வேண்டுமென்றால் எலுமிச்சையை விட்டுவிடுங்கள், இரண்டு நாளில் விளையாடி முடித்துவிடுங்கள். இல்லையென்றால் நீல மாவில் கொஞ்சம் எடுத்து, மூன்று வயதுக்கு மேல் உள்ள குழந்தையின் கையில் எலுமிச்சை மூடியைக் கொடுத்து ஒரு சொட்டு பிழியச் சொல்லுங்கள். சொட்டு விழுந்த இடம் மட்டும் ஊதாவாகப் படர்வதைக் குழந்தை கண் கொட்டாமல் பார்க்கும். கையில் கீறல் இல்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், எரியும்.

மஞ்சள் மாவு திட்டுத் திட்டாகச் சிவந்துபோனால் சோடா உப்போ சோப்போ பட்டிருக்கிறது. ஆரத்தியில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது இதுவேதான், கெட்டுப்போகவில்லை. சட்டையில் பட்ட மஞ்சள் கறை சோப்புப் போட்டதும் சிவந்தாலும் பதற வேண்டாம், அலசி வெயிலில் உலர்த்துங்கள். மஞ்சள் சாயம் வெயிலுக்கு மங்கிவிடும்.

பீட்ரூட் சாறு அடுப்பில் பழுப்பாகிவிடும். மாவை இறக்கி ஆறவைத்த பிறகு, கெட்டியான சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசையுங்கள். மாவை வழக்கத்தைவிடச் சற்றுக் கெட்டியாக இறக்கியிருந்தால்தான் சாற்றின் தண்ணீரைத் தாங்கும். கோலத்துக்கு விற்கும் கலர்ப்பொடியை மட்டும் எந்த மாவிலும் சேர்க்காதீர்கள். அது வாயில் போகலாம் என்று நினைத்துச் செய்யப்பட்ட பொருள் இல்லை.

கார்ன்ஃப்ளார் கூழ் கெட்டியாகவே இல்லை

அழுத்தினால் கல், விட்டால் கூழ். இதை ஊப்ளெக் என்பார்கள். இரண்டு பங்கு கார்ன்ஃப்ளாருக்கு ஒரு பங்கு தண்ணீர், அவ்வளவுதான் செய்முறை. அது நடக்காவிட்டால் பொட்டலத்தைப் பாருங்கள். மஞ்சளாக, ரவை கலந்த மாதிரி இருந்தால் அது மக்காச்சோளத்தை அப்படியே அரைத்த மாவு, எத்தனை கலக்கினாலும் வெறும் கூழ்தான். நமக்கு வேண்டியது சோளத்திலிருந்து பிரித்த வெள்ளை ஸ்டார்ச். இரு விரலுக்கிடையே தேய்த்தால் கிறீச்சென்று வழுக்காமல் நிற்கும். கூவைக்கிழங்கு மாவு இருந்தாலும் முயன்று பார்க்கலாம்.

சரியான மாவுதான், ஆனாலும் நீர்த்திருக்கிறது என்றால் ஒவ்வொரு கரண்டியாக மாவைச் சேருங்கள். வேகமாகக் கலக்கினால் அது இறுகிக் கரண்டியைப் பிடித்துக்கொள்ளும், உங்களுக்குப் பதம் தெரியாது. கையை உள்ளே விட்டு மெதுவாக அடியிலிருந்து தூக்கிவிடுங்கள். கிண்ணத்தின் நடுவே முஷ்டியால் தட்டினால் தெறிக்கக் கூடாது, அதே இடத்தில் விரலை வைத்தால் மெல்ல மூழ்க வேண்டும். வெந்நீர் ஊற்றாதீர்கள், ஸ்டார்ச் வெந்து கஞ்சியாகிவிடும், அதை மீட்க முடியாது.

விளையாடிய பிறகு சிங்க்கில் கொட்டினால் அடுத்த கோளாறு குழாயில் தொடங்கும். மாவு கீழே படிந்து குழாயை அடைத்துக்கொள்ளும். கிண்ணத்தை ஒரு நாள் அசையாமல் வைத்து, மேலே தெளிந்த நீரை வடித்துவிட்டு, படிந்ததைக் குப்பையில் போடுங்கள். தரையில் சிந்தியதை ஈரத்தோடு துடைக்காமல் காயவிட்டுப் பெருக்குவது சுலபம்.

வண்ண அரிசி கையில் சாயம் விடுகிறது

தண்ணீர் சேர்த்துக் கலர் கலந்திருப்பீர்கள். ஒரு கப் அரிசிக்கு ஒரு தேக்கரண்டி வினிகர், அந்த வினிகரிலேயே ஃபுட் கலரைக் கரைத்து, ஜிப் கவரில் போட்டுக் குலுக்கி, தாம்பாளத்தில் ஒரே அடுக்காகப் பரப்பி முழுதாகக் காயவிடுங்கள். வண்டு வைக்கும் என்று மிளகாய் வற்றல் போட்டு வைக்கிற வழக்கம் இதற்கு ஆகாது, குழந்தை கையால் கண்ணைத் தேய்க்கும். வேப்பிலை போடலாம். அரிசியை விளையாடக் கொடுக்க மனம் ஒப்பவில்லை என்று சில பாட்டிமார்கள் சொல்வார்கள். அந்த மனம் நியாயமானது. வண்டு விழுந்து சமையலுக்கு ஆகாத பழைய அரிசியைச் சலித்து எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஆற்று மணலைக் கழுவிக் காயவைத்துக் கொடுங்கள்.

குமிழி ஊதியதும் உடைகிறது

போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகப் பிரிந்துவிடும். கட்டி சோப்பைச் சீவிப் போட்டால் கோளாறு இன்னும் அதிகம். ஆர்ஓ தண்ணீரோ மழைநீரோ ஆறு பங்கு, பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். நுரை வராமல் மெதுவாகக் கலக்கி, ஒரு கப்புக்கு ஒரு தேக்கரண்டி கிளிசரின் சேர்த்து இரவு முழுக்க வைத்துவிடுங்கள். கிளிசரின் தண்ணீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும். அப்புறமும் உடைந்தால் நேரத்தை மாற்றுங்கள். நண்பகல் வறண்ட காற்றில் எந்தக் குமிழியும் நிற்காது. காலையிலோ, மழை விட்ட சாயங்காலத்திலோ ஊதிப் பாருங்கள். மாவைக் கெடுத்த அதே ஈரக் காற்று குமிழிக்குத் துணை.

ஊதுவதற்குப் பப்பாளி இலைக்காம்பு நல்ல குழல். வெட்டியதும் வழியும் பால் தோலை உறுத்தும், நன்றாகக் கழுவிக் கொடுங்கள். சின்னக் குழந்தை ஊதுவதற்குப் பதில் உறிஞ்சிவிடும், அவர்களுக்குக் கம்பி வளையத்தை அசைக்கக் கொடுப்பதுதான் சரி. கிராமங்களில் காட்டாமணக்குக் காம்பை ஒடித்து அந்தப் பாலில் குமிழி ஊதுவதுண்டு. அது வேண்டாம், அந்தச் செடியின் விதை நஞ்சு.

பசை கட்டிதட்டுகிறது, நாறுகிறது

மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு அப்புறம் அடுப்பில் வைத்தால் கட்டிதட்டாது. அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் காய்ச்சுங்கள். பைண்டிங் செய்கிறவர்கள் பசை கெடாமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள், அது விஷம். குழந்தை தொடும் பசையில் சிட்டிகைகூடக் கூடாது.

எல்லாவற்றையும் வாயில் போடுகிறது

இரண்டு வயது வரைக்கும் வாய்தான் அவர்களின் கை. இதை அதட்டித் திருத்த முடியாது, பொருளைத்தான் மாற்ற வேண்டும். உப்பு மாவை எடுத்து வைத்துவிட்டு, வேகவைத்துக் குளிர்ந்த நீரில் அலசிய சின்ன ஜவ்வரிசியைக் கொடுங்கள். வழுவழுவென்று விரலிடுக்கில் நழுவும், நான்கு வாயில் போனாலும் பரவாயில்லை. பெரிய ஜவ்வரிசி வேண்டாம். வேகாததும் வேண்டாம்.

உப்பு மாவு ஒரு கிள்ளு போய்விட்டால் துப்பவைத்து, வாயைக் கழுவி, தண்ணீர் கொடுங்கள். உருண்டையாக விழுங்கியிருந்தால், அல்லது வாந்தி, அடங்காத தாகம், சோர்வு தெரிந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு மைதா மாவே வேண்டாம், அரிசி மாவில் கிளறுங்கள். கொஞ்சம் உதிரும், ஆனால் வேலை நடக்கும்.

மணிகளில் மிகக் கண்டிப்பாக இருங்கள். பிள்ளையாருக்குக் கண் வைக்கும் குன்றிமணி பார்க்க அழகு, ஆனால் கடித்து உடைந்து உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படித்தான். தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் வண்ண ஜெல் மணிகளை விழுங்கினால் குடலுக்குள்ளும் பெரிதாகி அடைத்துக்கொள்ளும். கடலையும் பட்டாணியும் மூன்று வயதுக்குக் கீழே தொண்டையில் சிக்கும், மூக்கில் போனால் ஊறி உப்பும். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று சந்தேகியுங்கள். ஊக்கையோ குச்சியையோ விட்டு எடுக்கப் பார்க்காதீர்கள், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறினால் 108. ஸ்லைம் செய்ய வெங்காரம் வாங்கும் வேலையும் சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம். ஊறவைத்த சப்ஜா விதையில் கார்ன்ஃப்ளாரைப் பிசைந்தாலே வழவழவென்று கிடைக்கும்.

இவ்வளவும் செய்தும் குழந்தை தொடமாட்டேன் என்கிறது

கையைப் பிடித்து உள்ளே அமுக்காதீர்கள். நல்லெண்ணத்தில்தான் செய்கிறோம், ஆனால் அதற்கப்புறம் கிண்ணத்தைப் பார்த்தாலே ஓடும். ஈரமாக, பிசுபிசுவென்று கையில் பூசிக்கொள்ளும் பொருள் சில குழந்தைகளுக்கு உண்மையிலேயே தாங்க முடியாது. காய்ந்த பொருளிலிருந்து தொடங்குங்கள். அரிசி, மணல், அதில் ஒரு கரண்டி, ஒரு டம்ளர். மாவை ஜிப் கவருக்குள் அடைத்து, டேப் ஒட்டி, வெளியிலிருந்து அழுத்தக் கொடுங்கள். அடுத்து முள்கரண்டியால் குத்தட்டும், சப்பாத்திக் கட்டையால் தேய்க்கட்டும். பக்கத்தில் ஈரத்துணி ஒன்று எப்போதும் இருக்கட்டும். வேண்டாமென்றால் உடனே துடைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தாலே பல குழந்தைகள் ஒரு விரலை வைத்துப் பார்ப்பார்கள். நீங்கள் எதிரில் உட்கார்ந்து பேசாமல் உருட்டிக்கொண்டிருங்கள், கூப்பிட வேண்டாம்.

தொட்டுவிட்டு இரண்டே நிமிடத்தில் எழுந்து போனால் அது கோளாறே இல்லை, அந்த வயதுக்கு அவ்வளவுதான். மூடி வைத்துவிட்டு மறுநாள் எடுங்கள். விளையாட்டுப் பொருள் மட்டுமல்லாமல் சாதத்தைத் தொட, தலைவாரிக்கொள்ள, சட்டை போட, புல்லில் கால் வைக்க என்று எல்லாவற்றுக்கும் குழந்தை வாரக்கணக்கில் அழுதால், அடுத்த தடுப்பூசிக்குப் போகும்வரை காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.